உப்பளத்தில் விரித்த பதினோரு குடை

கப்பலில் வருகிறவர்களைக் கரையில் சுற்றிக் காட்டும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று சங்கத்துச் செயலாளர் வீட்டுக்கே வந்து கேட்டார். நாலு வார்த்தை என்னால் முடியாது. ஆரம்பித்தால் நாற்பது பக்கம் போவேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதை இரண்டு தடவை படித்தேன், ஆகவே நாலு என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு காலத்தில் புதுச்சேரிக்கு எந்தப் பயணிக் கப்பல் வந்தாலும், "பிரம்மதேசத்து டிரைவர் இருக்காரா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏணியை இறக்குவார்கள். சந்தேகம் இருந்தால் விசாரித்துப் பாருங்கள். விசாரிக்கிற அளவுக்கு அந்தக் காலத்து ஆள் யாரும் உயிரோடு இல்லை, அது வேறு விஷயம்.

உங்களுக்கு இன்றைக்குக் கையில் போன் இருக்கிறது. பயணி கழுத்தில் நம்பர் அட்டை தொங்குகிறது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கக்கூஸ் இருக்கிறது என்பதெல்லாம் காகிதத்தில் அச்சடித்து வருகிறது. எனக்கு ஒரு நாக்கும் வண்டியில் ஒரு ஆரனும்தான் இருந்தன. இரண்டில் எது அதிகமாக வேலை செய்தது என்று சொல்ல முடியாது.

முதலில் சில்லறை விஷயங்களைச் சொல்லி முடித்துவிடுகிறேன். கப்பலில் பத்து நாள் இருந்துவிட்டு இறங்குகிறவர், முதல் ஒரு மணி நேரம் தரையை நம்பமாட்டார். காலை அகட்டி அகட்டி நடப்பார். அந்த நேரத்தில் அவரை மலை ஏற்றாதீர்கள். நான் ஏற்றினேன். பெருமுக்கல் மலையில் பாதி ஏறியதும் ஒரு கனத்த ஆசாமி, மலை ஆடுகிறது என்று சொல்லி ஒரு பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். விடவேமாட்டேன் என்றார். கீழேயிருந்து கோயிலுக்கு வந்த இரண்டு பேர், வெள்ளைக்காரரே இப்படிக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்றால் பாறையில் ஏதோ இருக்கிறது என்று அதற்குச் சூடம் ஏற்றினார்கள். பிறகு அவரைப் பாறையிலிருந்து பிரித்ததற்கு என்னைத்தான் திட்டினார்கள்.

அடுத்தது, கடைசிப் படகு நாலு மணிக்கு என்றால் பயணியிடம் இரண்டரை என்று சொல்லுங்கள். நாலு என்று சொன்னால் நாலுக்குத்தான் சங்கு வாங்கக் கிளம்புவார்கள்.

இதெல்லாம் எவனும் சொல்வான். நான் சொல்ல உட்கார்ந்தது வேறு. ஒரு ஊருக்குள் ஆள் கூட்டிக்கொண்டு நுழைவதற்கு முன்னால், அந்த ஊருக்கு வானத்திடம் என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு நுழையுங்கள். எனக்கு அது தெரியாமல் போனது. அதனால் ஒரு சித்திரை மாதத்து மத்தியானம், பதினோரு பிரெஞ்சுக்காரர்களை மரக்காணம் உப்பளத்தில் பிணையாக வைக்க வேண்டி வந்தது.

எழுபதுகளில், எமர்ஜென்சி எடுத்த பிறகு வந்த ஒரு கோடை. அப்போதெல்லாம் புதுச்சேரியில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் ஏற்றிக் கடற்பாலத்தில் இறக்குவார்கள். வேன் கோட்டக்குப்பத்து பாய் ஒருவருடையது. நான் மாட்டு வண்டியிலிருந்து மோட்டாருக்கு மாறியதே அவர் தயவால். அவர் பேரை எழுத வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதிகம் பேசாத மனிதர். அன்று காலையில் சாவியைக் கொடுக்கும்போது இவ்வளவுதான் சொன்னார்:

"டேய், போற எடத்துல இருக்கறவங்களைக் கேட்டுச் செய். நாலு மணிக்கு ஆளைக் கொண்டாந்து பாலத்துல நிறுத்து. மிச்சத்தை அல்லா பாத்துக்குவான்."

இரண்டாவதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன்.

அந்தக் கப்பலுக்கு அடுத்த துறை கொழும்பு. விட்டால் பிடிக்க முடியாது. பதினோரு பேரும் வயசானவர்கள். அதில் ஒரு மதாம், அதாவது பிரெஞ்சுக்கார அம்மா, எழுபதைத் தாண்டியவர், ஈர்க்குச்சி மாதிரி இருந்தார். அவருடைய புருஷன் கப்பலிலேயே படுத்திருந்தார், கால் வீங்கி. அந்தக் காலை ஊறவைக்க நல்ல கடல் உப்பு வேண்டும், அதை அளத்திலேயே போய் வாங்க வேண்டும் என்றுதான் மதாம் இறங்கியதே. கோயில் குளமெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம்.

பேச்சுக்கு ஒரு சொல்தாவைக் கூட்டிக்கொண்டேன். வெளியூர்த் தம்பிகளுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். இவர் மார்பில் மெடல் குத்திக்கொண்டு வேனில் ஏறினார். சங்கடமான விஷயத்தை மொழிபெயர்ப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற ஆள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இங்கேதான் என் சொந்த மூளை வேலை செய்தது. சித்திரை வெயிலில் இத்தனை வயசானவர்களைக் கூட்டிப் போகிறோமே, ஆளுக்கொரு குடை கொடுத்தால் என்ன? இந்தக் கரையில் வேறு எந்த டிரைவருக்கும் இது தோன்றியதில்லை. கடைத்தெருவில் குடை ரிப்பேர்காரர் ஒருவரிடம், யாரும் திரும்ப வாங்க வராத கறுப்புக் குடைகளாகப் பார்த்துப் பதினொன்றைச் சாயந்தரம் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

பெருமுக்கல்லில் யாரையும் ஏற்றவில்லை, ஒரு தடவை பட்டது போதும். அடிவாரத்திலேயே குடை பிடித்து நின்று பார்த்தார்கள். அங்கேயிருந்து என் சொந்த ஊர் பிரம்மதேசம். கார்த்திகைக்குப் பிறகு ஒரு சொட்டு விழாத வருஷம் அது. கிணற்றில் வாளி தரையைத் தட்டுகிற சத்தம் கேட்கும். அந்த ஊருக்குள் பதினோரு குடையும் விரிந்து வரிசையாகப் போவதைப் பார்த்ததும் சனம் கூடிவிட்டது. என் தாய்மாமன் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல சகுனம் கொண்டுவந்தேடா என்றார். மதாமுக்கு மோர் கொடுத்தார்கள். குடைகளை மடக்கவே விடவில்லை. கோயிலுக்குள் போகும்போதுகூட வெளியே விரித்தபடியே வைக்கச் சொல்லி, ஒருவர் காவலுக்கு நின்றார்.

ஆகவே எனக்கு என்ன புரிந்தது? குடையை விரித்தால் சனங்களுக்குச் சந்தோஷம் என்று புரிந்தது. அதே ஜோரில் பன்னிரண்டரை மணிக்கு மரக்காணம் போய் இறங்கினேன்.

நல்ல அறுவடைக் காலம். பாத்தி பாத்தியாக உப்பு, கண் கூசுகிறது. பெண்கள் கூடை கூடையாக உப்பைத் தலையில் சுமந்து வரப்பில் வரிசையாக வருகிறார்கள். ஒரு குவியல் வீட்டுக் கூரை உயரத்துக்கு நிற்கிறது. நான் பதினோரு பேரையும் வரப்பில் நிறுத்தினேன். பாண்டு வாத்தியக்காரன் மாதிரி கையைத் தூக்கினேன். கையை இறக்கினேன். பதினோரு குடையும் ஒரே நேரத்தில் பட்டென்று விரிந்தன.

அளம் நின்றுவிட்டது. தலையில் கூடையோடு நடந்தவள் நடந்த காலிலேயே நின்றாள். உப்பு வாரும் பலகையைப் பிடித்தவன் குனிந்த வாக்கிலேயே நின்றான். கைதட்டப்போகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

அந்த அளத்துக்கு மேஸ்திரி ஒரு அம்மா. லூர்தம்மா என்று பேர். ஐம்பது வயசு இருக்கும், கழுத்தில் சிலுவை போட்ட கறுப்புக் கயிறு, காலெல்லாம் உப்பு பூத்து வெள்ளையாக இருந்தது. அவசரப்படாமல் நடந்து வந்து, குடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, என் முன்னால் நின்றார்.

"எந்த ஊருப்பா நீ?"

"பிரம்மதேசம்ங்க."

"அதான்."

அந்த ஒரு வார்த்தையில் என் ஊர், என் பரம்பரை, நான் பிழைக்கிற பிழைப்பு எல்லாவற்றையும் எடைபோட்டுக் கீழே வைத்துவிட்டார்.

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் சொன்னது பாதி, சுற்றி நின்றவர்கள் திட்டினது பாதி. அந்த அளத்தில் மாசியிலிருந்து ஆடி வரைக்கும் யாரும் குடை விரிக்கக் கூடாது. குழந்தைக்குக்கூடப் பிடிக்கக் கூடாது. மழை என்கிற வார்த்தையையே சொல்ல மாட்டார்கள், 'அது' என்றுதான் சொல்வார்கள். போன வருஷம் இதே மாதத்தில் அது வந்து, ஒரு மாசம் வாரின உப்பு ஒரு மணி நேரத்தில் தண்ணீராகி வாய்க்காலில் ஓடிவிட்டது. முப்பது வீட்டில் அடுப்பு எரியவில்லை. இந்த வருஷத்துக் குவியல் இன்றோடு முடிகிறது, நாளைக் காலையில் லாரி. இந்த நேரத்தில் பார்த்து ஒருவன் பதினோரு குடையை விரித்து வானத்தைக் கூப்பிட்டிருக்கிறான்.

அத்தோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று, "பயப்படாதீங்கம்மா, மழை வந்தா நல்லதுதானே? எங்க ஊர்ல மழைக்காகப் பொங்கலே வெக்கிறோம். மழை..." என்றேன்.

மூன்று தடவை. அளத்துக்கு நடுவில் நின்றுகொண்டு.

ஒரு கிழவர் தலையில் கைவைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். லூர்தம்மா என்னைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார். கடல் பக்கம், அதுவரைக்கும் சுத்தமாக இருந்த இடத்தில், ஒரு மேகம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரிய மேகம் இல்லை, ஒரு எருமைக்கன்று அளவு. ஆனால் கறுப்பு.

அவர்களுடைய முறை இது: குடை விரித்தவர், பொழுது சாய்கிற வரைக்கும் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். கூப்பிட்டவர் இங்கேயே பிணையாக இருந்தால், வருவது வராமல் போகும். நான் லூர்தம்மாவிடம் வாதாடிப் பார்த்தேன். நாலு மணிக்குப் படகு என்றேன். பொழுது ஆறரைக்குச் சாயும் என்றார். இவர்கள் வெளிநாட்டுக்காரர்கள் என்றேன். வானத்துக்கு அது தெரியாது என்றார். திரும்பிப் பார்த்தால் வேனின் முன்சக்கரத்துக்கு எதிரே நாலு பெண்கள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இதற்கிடையில் சொல்தா என்ன செய்தார் தெரியுமா? பயணிகளிடம், இந்த ஊர் மக்கள் உங்களைக் கௌரவிக்க ஒரு சடங்கு நடத்துகிறார்கள், தயவுசெய்து உட்காருங்கள் என்று மொழிபெயர்த்துவிட்டார். அவர்களும் பரம சந்தோஷமாகக் குவியலைச் சுற்றி ஓலைப் பாயில் உட்கார்ந்தார்கள். யாரோ மாங்காயை நறுக்கி உப்புத் தொட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பதினொன்றில் ஒரு முசியே தொப்பியைக் கழற்றிக் குவியலுக்கு வணக்கம் வைத்தார். பெண்களுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை, இருந்தாலும் யாரும் வேனை விட்டு எழுந்திருக்கவில்லை.

மணி ஒன்றரை. மேகம் எருமைக்கன்றிலிருந்து எருமையாகிவிட்டது.

மதாம் மட்டும் மாங்காயைத் தொடவில்லை. நேரே என்னிடம் வந்து நின்று, சொல்தாவை ஒரு பார்வை பார்த்து, ஏதோ கேட்டார். சொல்தா விழித்தார். என்னவென்று நான் அதட்டிய பிறகுதான் சொன்னார். சடங்கு நடத்துகிறவர்கள் ஏன் வண்டியை மறித்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்கிறாராம். உண்மையைச் சொல்லு என்றேன். சொல்தா மெடலைத் தடவிக்கொண்டே சொன்னார்.

மதாம் சிரிப்பார் என்று நினைத்தேன், இல்லாவிட்டால் போலீஸைக் கூப்பிடச் சொல்வார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. குவியலைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.  கப்பலில் படுத்திருக்கிற மனிதருக்குச் செருப்பைக்கூடத் தானாக மாட்ட முடியாது என்று காலையில் சொல்லியிருந்தார். கப்பல் போய்விட்டால் அவர் ஒரு கரையில், இவர் ஒரு கரையில்.

தம்பிகளா, இங்கே கவனியுங்கள். அந்த நேரத்தில் என் முன்னால் மூன்று வழி இருந்தது. ஆரன் அடித்துக்கொண்டு வண்டியை எடுத்தால் பெண்கள் எழுந்து ஓடியிருப்பார்கள். ஆனால் அதற்கப்புறம் அந்தக் கரையில் எந்த வண்டியும் நிற்க முடியாது. மரக்காணம் போலீஸுக்கு ஆள் அனுப்பினால், அவர்கள் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் நாலு மணி ஆகிவிடும். இரண்டையும் தள்ளிவிட்டு மூன்றாவதை எடுத்தேன். இதைச் சொல்லும்போது எனக்கே இன்றைக்கும் நெஞ்சு நிமிர்கிறது.

லூர்தம்மாவிடம் போனேன். "இவங்க குடையைத்தான் விரிச்சாங்க. அதுவும் நான் குடுத்த குடை, நான் சொல்லி விரிச்சாங்க. வார்த்தையைச் சொன்னது நான். மூணு தடவை. பெரிய தப்பு யாரோடது, நீங்களே சொல்லுங்க. இவங்களை விட்டுடுங்க, நான் உக்கார்றேன்."

"பதினோரு பேருக்கு ஒருத்தனா?"

"குடையெல்லாம் இங்கயே இருக்கட்டும். நானும் இருக்கேன்."

வரப்பில் உட்கார்ந்திருந்த கிழவர், ஆகாது, பதினோரு பேரும் இருக்கணும் என்றார். நாலைந்து பேர் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். லூர்தம்மா அவர்களைக் கையமர்த்தினார். பிறகு, மதாம் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைக் காட்டி அது ஏன் என்று கேட்டார். புருஷன் கால் விஷயத்தைச் சொன்னேன். லூர்தம்மா ஒரு ஓலைக்கொட்டானில் நல்ல கல் உப்பாகப் பார்த்து அள்ளி, மதாமின் காலடியில் வைத்தார். உப்பைக் கையில் கொடுக்க மாட்டார்கள். மதாம் குனிந்து எடுத்துக்கொண்டார்.

"போகச் சொல்லு," என்றார் லூர்தம்மா. "அது வந்துச்சுன்னா உன்னை விட மாட்டேன். உப்பு போன எடத்துல உன்னைப் போட்டு வாருவேன்."

எல்லாம் சரி. வண்டியை யார் ஓட்டுவது? இதை நான் யோசிக்கவே இல்லை. தியாகம் செய்கிற வேகத்தில் அது விட்டுப்போனது. சொல்தாவிடம் ஓட்டத் தெரியுமா என்று கேட்டேன். இந்தோசீனாவில் பட்டாள லாரி ஓட்டியிருக்கிறேன் என்றார். எத்தனை வருஷத்துக்கு முன்னால் என்று கேட்டேன். அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனதும், போதும் ஏறுங்க என்றேன்.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார், முதுகை நிமிர்த்தினார், வண்டியை எடுத்தார். அழகாகத்தான் எடுத்தார். ஆனால் ரோட்டில் ஏறியதும் வண்டி வலது பக்கமாகப் போனது, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பழக்கம். கடைசிவரைக்கும் வலது பக்கமாகவே போனது. எதிரே வந்த மாட்டு வண்டிக்காரன் பள்ளத்தில் இறங்கியதையும், சொல்தா தலையை வெளியே நீட்டி அவனைப் பிரெஞ்சில் திட்டியதையும் நான் உப்பளத்திலிருந்தே பார்த்தேன். பாயுடைய வேன், பதினோரு உயிர், என் பிழைப்பு, எல்லாம் ரோட்டின் தப்பான பக்கத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. நாலு மணி நேரம் எனக்கு ஒரு தகவலும் கிடையாது.

சும்மா உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்தேன். லூர்தம்மா விடவில்லை. குவியலை மூடுவதற்கு ஓலைக் கீற்றுச் சுமக்கச் சொன்னார். நான் மூட்டை தூக்கின உடம்பு, இவர்களுக்குச் சமமாகச் சுமப்பேன் என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். ஆறாவது நடையில் குதிகால் வெடிப்புக்குள் உப்பு ஏறியது. ஏழாவது நடையில் நான் நொண்டி ஆடியதைப் பார்த்து ஒரு பெண், பிரம்மதேசத்துக் காரு பஞ்சராயிடுச்சு என்றாள். அதற்குப் பிறகு அங்கே என் பேர் அதுதான்.

மேகம் மட்டும் சிரிக்கவில்லை. மூன்று மணிக்கு நேர் உச்சிக்கு வந்து நின்றது. பாத்தியெல்லாம் கறுத்துவிட்டது. குவியலில் பாதிதான் மூடியிருந்தோம், மீதிக்குக் கீற்று இல்லை. காற்று நின்றது. எல்லாரும் வேலையை விட்டுவிட்டு மேலே பார்த்தார்கள். லூர்தம்மா கயிற்றில் இருந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தார். எனக்கும் ஏதாவது செய்ய வேண்டும் போல் இருந்தது. குடைகளை இறுக்கிக் கட்டிவைப்போம் என்று ஒரு கயிற்றை எடுத்து அடுக்கினேன்.

பத்துதான் இருந்தது.

மறுபடி எண்ணினேன். பத்து. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மதாம் வேனில் ஏறும்போது ஒரு கையில் உப்புக் கொட்டான், இன்னொரு கையில் ஊன்றுகோல். அவருக்கு ஏது ஊன்றுகோல்?

சொல்லாமல் இருந்திருக்கலாம். யாரும் எண்ணவில்லை. ஆனால் முப்பது வீட்டுக்காரர்கள் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும்போது, தெரிந்ததை மறைத்து வைக்க எனக்கு மனசு வரவில்லை. பக்கத்தில் போய், மெதுவாக, "ஒரு குடை போயிடுச்சும்மா," என்றேன். "அந்த வயசான மதாம் கம்புன்னு நெனச்சு ஊனிக்கிட்டே போயிட்டாங்க."

அறை விழும் என்று கன்னத்தைத் தயார் செய்துகொண்டேன்.

லூர்தம்மா கேட்டார், "எந்தப் பக்கம்?"

"புதுச்சேரி."

அவர் தெற்கே பார்த்தார். மேகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் எதையோ கணக்குப் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, அளம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"யாரும் பேசாதீங்க. அதுக்கு வழி தெரியட்டும்."

நாங்கள் எல்லாரும் மூச்சுக்கூட விடாமல் நின்றோம். நான் பார்த்ததைச் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பியது. அந்த மேகம், வீடு தெரியாமல் நின்ற ஆள் விலாசம் கிடைத்தமாதிரி, மெள்ள அசைந்து தெற்கே நடக்க ஆரம்பித்தது. மூன்றேகால் சுமாருக்குப் பாத்தியில் மறுபடி வெயில் விழுந்தது. ஒருத்தரும் கத்தவில்லை. கிழவர் மட்டும் எழுந்து வந்து, கையில் இருந்த பீடியில் பாதியை எனக்குக் கொடுத்தார்.

ஆறு மணிக்கு வேன் வந்தது. ரோட்டின் வலது பக்கமாகத்தான் வந்தது. கிட்டே வரவரத்தான் தெரிந்தது, வேன் தொப்பலாக நனைந்திருந்தது. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. லூர்தம்மா ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்து மறித்தார். ஒரு சொட்டு அளத்துக்குள் விழக் கூடாது என்று ரோட்டிலேயே நிறுத்தவைத்தார். சொல்தாவுக்குப் பக்கத்து சீட்டிலிருந்து பாய் இறங்கினார். தொப்பியிலிருந்து லுங்கிவரைக்கும் பிழிந்தால் ஒரு குடம் வரும்.

 அவர் முகத்தையே பார்த்தேன்.

"ஏறிட்டாங்க," என்றார் பாய். "எல்லாரும் ஏறிட்டாங்க."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முழுசும் தெரிந்தது. நாலு மணிக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது, பாய் காத்து நின்ற பாலத்துக்கு வேன் வந்ததாம். கடைசிப் படகில் பத்துப் பேர் இறங்கியதும், மதாம் பாலத்து ஓரத்தில் நின்று, கையில் இருந்த கம்பைப் பார்த்திருக்கிறார். அது குடை என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்திருக்கிறது. தலைக்கு மேலே தூறல் போல ஒன்று விழ, விரித்திருக்கிறார். அவ்வளவுதான், கொட்டிவிட்டதாம். படகில் அந்தப் பதினோரு பேரும் ஒரே குடைக்குக் கீழே தலையைக் கொடுத்துக்கொண்டு கப்பலுக்குப் போனார்களாம், நடுவில் உப்புக் கொட்டானை வைத்துக்கொண்டு. உப்பு நனையக் கூடாது என்பதுதான் மதாமுக்குக் கவலை.

அதுவரைக்கும் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். பாய் தாடியைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தார்.

"கேட்டுச் செய்னு சொன்னேனாடா இல்லியா?"

"சொன்னீங்க பாய்."

"ம்," என்றார். பத்துக் குடையையும் லூர்தம்மாவையும் என் குதிகாலையும் பார்த்துவிட்டு, மறுபடி தாடியைப் பிழிய ஆரம்பித்தார். அந்த 'ம்'மை நான் இருபத்தெட்டு வருஷம் கையோடு வைத்துக்கொண்டு வண்டி ஓட்டினேன். அதற்கப்புறம் எந்த ஊர் எல்லையிலும் இறங்கி, ஒரு ஆளைப் பிடித்து, இங்கே என்ன செய்யக் கூடாது என்று கேட்காமல் என் வண்டி உள்ளே போனதில்லை. குடை மட்டும் இல்லை. விசில் அடிக்கலாமா, எண்ணலாமா, புகழலாமா, எல்லாம் கேட்பேன். சில ஊரில் என்னைப் பைத்தியம் என்றார்கள். இருக்கட்டும். பைத்தியக்காரன் வண்டியில் வந்தவர் யாரும் கப்பலைத் தவறவிட்டதில்லை.

பத்துக் குடையை லூர்தம்மா தரவில்லை. ஆடி முடியட்டும், அதுவரைக்கும் இதெல்லாம் வெளியே நடமாடக் கூடாது என்றார். குடை ரிப்பேர்காரரிடம் நான் பட்ட பாட்டைத் தனியாகத்தான் எழுத வேண்டும். ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. அவர் மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஐப்பசியில் ஒரு நாள், காலி வண்டியாகத் திண்டிவனம் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். விடாத அடைமழை. அளமெல்லாம் ஒரே வெள்ளமாகக் கிடந்தது, பாத்தி எது வரப்பு எது என்று தெரியவில்லை. ரோட்டோரத்தில் ஒரு அம்மா தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு, கக்கத்தில் ஒரு குடைக் கட்டை இடுக்கிக்கொண்டு கையைக் காட்டினார். இத்தனை குடையைக் கையில் வைத்துக்கொண்டு கோணியில் நனைகிறாரே என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இறங்கிப் போனேன். ஒவ்வொரு குடைக்கும் கிழிசலைப் பார்த்து, கறுப்பு நூலால் தைத்து வைத்திருந்தார்.

"நாலு நாளா இந்த ரோட்லதான் நிக்கிறேன்," என்றார் லூர்தம்மா. "உன் பொருளை நீ இல்லாம நான் விரிக்கலாமா?"

 என் தலையிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவர் கட்டை அவிழ்த்து, ஒன்றை உருவி என் கையில் கொடுத்தார். வானத்தை ஒரு தரம் பார்த்தார்.

"என்னாப்பா பாத்துக்கிட்டு நிக்கிறே," என்றார். "மழை பெய்யுதில்ல? விரி."

அவர் வாயில் அந்த வார்த்தையை அன்றுதான் கேட்டேன்.